படலை தாண்டும் உரிமை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீடொன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போமாயின், நிலத்திலிருந்து இரண்டு மூன்று படிகள் உயர்ந்த விறாந்தையும், வீட்டுக்குச் சற்று விலகி வளவின் ஒரு பக்கத்தே அமைந்த கிணற்றடியும், அதற்கும் அப்பால் வேலியோரத்தில் ஒதுங்கி நிற்கும் மலசலகூடமும், மணல் பரந்த முற்றமும், முற்றத்தின் எல்லையிற் படலையும், படலைக்கு வெளியே மாரியிற் சேறும் கோடையிற் புழுதியுமாக வளைந்து செல்லும் ஒழுங்கையும் அடுத்தடுத்துத் தோன்றும். வெயிலின் கொடுமைக்கும் நீரின் அருமைக்கும் சுகாதார நியமங்களுக்கும் இசையத் தலைமுறை தலைமுறையாக உருப்பெற்ற இவ்வமைப்பில் நம் முன்னோரின் விவேகம் புலப்படுகின்றது என்பதில் ஐயமில்லை. எனினும், முள்ளந்தண்டிற் காயமுற்று இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இழந்த ஒருவர் அவ்வீட்டில் வாழ நேரிடும்போது, மற்றவர் ஒரு நாளிற் பத்து முறை நினைவின்றியே நடந்து கடக்கும் அதே வளவு, பிறருடைய தோளும் தயவும் இன்றிக் கடக்கவொண்ணாத பெருவெளியாக மாறிவிடுகின்றது. காலைக்கடன் கழித்தல், நீராடுதல், உடைமாற்றுதல் என்னும் மனித வாழ்வின் மிக அந்தரங்கமான கருமங்கள் யாவும், வேறொருவருக்கு எப்பொழுது ஓய்வு வாய்க்கின்றதோ அப்பொழுதே நிகழவேண்டியவையாகி விடுகின்றன.

இத்தகைய ஒருவர்க்கு அரசு என்ன செய்கின்றது என்று வினவினால், சக்கரநாற்காலி வழங்குகின்றது என்பதே நம்மிடையே பெரும்பாலும் கிடைக்கும் விடை. மண்டபத்திலே மாலையும் குத்துவிளக்குமாக ஒரு கையளிப்பு வைபவம் நிகழும், அதிதிகள் உரையாற்றுவர், பெறுபவரின் பெயர் பதிவேட்டில் ஏறும். அந்நாற்காலி வைத்தியசாலையின் வழவழப்பான தளத்தில் மற்றொருவர் தள்ளிச்செல்வதற்கென ஆக்கப்பட்டதாயின், அதன் முன்புறத்துச் சிறு சில்லுகள் முதல் நாளிலேயே முற்றத்து மணலிற் புதைந்து நின்றுவிடும் என்பதையோ, இருக்கையின்மேல் உரிய மெத்தை இல்லாதவிடத்து உணர்ச்சியற்ற உடம்பிலே புண் தோன்றி அது எலும்புவரை ஆழ்ந்து உயிருக்கே அபாயமாக முடியும் என்பதையோ, விறாந்தைப் படிகளின் அருகே ஒரு சாய்வுப்பாதை கட்டப்படாதவரை அந்நாற்காலி வீட்டுக்குள்ளிருந்து முற்றத்துக்கே இறங்கமாட்டாது என்பதையோ அப்பதிவேடு அறியாது. வழங்கப்பட்ட நாற்காலிகளின் தொகை ஆண்டறிக்கையிற் காணப்படும்; அவற்றில் எத்தனை படலையைத் தாண்டின என்ற கணக்கோ எங்குமே இல்லை.

மாற்றுத்திறனாளிகளின் சுயாதீன வாழ்வுக்கென வகுக்கப்படும் அரச சேவைகள், கொடுக்கப்படும் பொருளை முதலாகக் கொண்டு திட்டமிடப்படுவதை விடுத்து, அதனைப் பெறும் மனிதரின் ஒரு நாளை, அதாவது அவர் கண்விழிக்கும் வேளை தொடங்கித் துயிலச் செல்லும் வேளை வரையுள்ள ஒரு முழு நாளை, முதலாகக் கொண்டு திட்டமிடப்படல் வேண்டும் என்பதே நான் இங்கு வற்புறுத்த விரும்பும் கருத்து. அவ்வாறு நோக்கினால் நமது மாகாணத்தில் இன்று அறவே இல்லாத ஒரு சேவை கண்முன் தோன்றும். அதனைப் பின்னர் சொல்கின்றேன்.

பொருளும் வாழ்வும் பொருந்தவேண்டும் என்ற பாடத்தை யாழ்ப்பாணம் முன்னொருமுறை கற்றிருக்கின்றது. யுத்தம் உக்கிரமடைந்த 1987ஆம் ஆண்டில் இங்கே தோன்றி, கண்ணிவெடியாலும் எறிகணையாலும் அவயவம் இழந்தோர்க்குச் செயற்கைக்கால் பொருத்தும் பணியை நெருக்கடிகளினூடே ஆற்றிவந்த ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையத்தை அறியாதார் குடாநாட்டில் இரார். அதன் பெயருக்கு மூலமான பாதத்தை, 1960களின் பிற்பகுதியில் இராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் நகரிலே, ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு வைத்திய நிபுணரும் கூடி உருவாக்கினர். அக்காலத்து மேல்நாட்டுச் செயற்கைக்கால்கள், சப்பாத்து அணிந்து நாற்காலியில் அமர்ந்து சமதளத்தில் நடப்பவர்க்கென ஆக்கப்பட்டவை. நம் நாடுகளின் விவசாயியோ வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவன், தரையிற் சப்பணமிட்டு உண்பவன், குந்தியிருந்து களை பிடுங்குபவன். இறப்பரினாலான ஜெய்ப்பூர்ப் பாதம் இக்கருமங்கள் அனைத்துக்கும் வளைந்து கொடுத்தமையாலேயே, பெறுவோர் அதனைச் சுவரிற் சாத்தி வைக்காது வயலுக்கு அணிந்து சென்றனர். மேலும், செயற்கைக்கால் ஒருமுறை கொடுத்து முடிக்கும் பொருளன்று; சில ஆண்டுகளில் அது தேயும்; எஞ்சிய காலின் தசை வற்றினாற் குழிவு பொருந்தாது; வளரும் பிள்ளைக்கோ உடல் வளர வளர மீண்டும் மீண்டும் புதிதாகச் செய்யவேண்டும். ஆகவே பன்னிரண்டு வயதிற் காலிழந்த ஒரு சிறுமிக்கு அரசு செய்யவேண்டியது ஒரு காலைக் கொடுப்பதன்று, அவளுடைய ஆயுட்காலம் முழுவதும் திறந்திருக்கும் ஒரு பட்டறையை அவளுக்கு எட்டும் தொலைவிற் பேணுவதாகும்.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு, பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவுகொள்ளல், தன்னைப் பராமரித்தல் முதலானவற்றில் இடர்ப்பாடுடையோர் இலங்கையில் 1,617,924 பேர் எனவும், இது ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் நூற்றுக்கு 8.7 எனவும் கண்டது. யுத்தம் கடந்த நம் மாகாணத்தில் இதனை யுத்தத்தின் எச்சம் என்று மட்டும் கருதும் மனப்பான்மை நிலவுகின்றது. முகமாலையின் கண்ணிவெடி வயல்கள் துப்புரவாக்கப்படுவதும், கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017 டிசம்பரிற் சேர்ந்துகொண்டமையும் பெரும் ஆறுதல் தருவன. ஆயினும் நீரிழிவினாற் கால் இழப்போரும், பாரிசவாதத்தில் வீழ்வோரும், வீதி விபத்தில் முள்ளந்தண்டு முறிவோரும், பிறப்பிலேயே மூளைவளர்ச்சி குன்றிய குழந்தைகளும், முதுமையிற் கண்ணொளி மங்குவோரும் இனிமேலும் ஒவ்வோர் ஊரிலும் இருப்பர். ஆதலால் நாம் வகுக்கும் சேவை முடிந்துபோன யுத்தத்துக்கு நிவாரணமாக அமையாது, வரவிருக்கும் தலைமுறைக்கும் உரிய நிரந்தர ஏற்பாடாக அமையவேண்டும்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. அரச உத்தியோகங்களில் நூற்றுக்கு மூன்றை ஒதுக்குமாறு 1988இற் சுற்றறிக்கை வந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலையிலும் கல்வியிலும் பாரபட்சத்தைத் தடுத்தது. 2003இல் தேசியக் கொள்கை வெளியாயிற்று. பொதுக் கட்டடங்களை மூன்றாண்டுகளுக்குள் யாவரும் அணுகத்தக்கனவாக்குமாறு 2006இல் ஒழுங்குவிதிகள் பிறந்தன. அவை அசட்டை செய்யப்பட்டமை கண்டு, கிரிக்கெட் நடுவராக விளங்கி, ஓடும் காரின்மேல் வீதியோரத்து மரம் சாய்ந்து வீழ்ந்தமையாற் சக்கரநாற்காலிக்கு உரியவரான கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றத்தை நாடி, 2011 ஏப்ரலில் அவ்விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றுமாறு கட்டளை பெற்றார். சுயாதீனமாக வாழ்வதும் சமூகத்தோடு ஒன்றியிருப்பதும் உரிமை என்று தன் 19ஆம் உறுப்புரையிற் பிரகடனம் செய்யும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. இவையெல்லாவற்றிலும் நமக்கு மிக நெருக்கமானது, அரசியலமைப்புக்கு 1987ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட பதின்மூன்றாம் திருத்தமாகும். உடலாலும் உளத்தாலும் இயலாமையுற்றோரின் புனர்வாழ்வும் நலனும் அதன்படி மாகாணப் பொறுப்புகளுள் அடங்குகின்றன. மக்கள் தெரிந்தெடுத்த வடமாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தபோதிலும் அப்பொறுப்பு முடிந்துவிடவில்லை. மாகாணத் திணைக்களங்களும், யாழ். மாவட்டத்தின் 15 பிரதேச செயலகங்களும், 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. கொழும்பை நோக்கிக் காத்திராமல் இங்கேயே தொடங்கத்தக்க கருமம் இது.

இனி, மேலே குறித்த அந்தச் சேவைக்கு வருவோம். சுயாதீனம் என்ற சொல்லைக் கேட்டவுடன், எவர் துணையுமின்றித் தன் கருமங்களைத் தானே செய்துகொள்ளும் ஆற்றலையே நாம் எண்ணுகின்றோம். அவ்வாறாயின், கழுத்துக்குக் கீழே அசைவற்ற ஒருவர் என்றுமே சுயாதீனர் ஆகமாட்டார் என்று முடிவுகட்ட நேரும். உண்மையில், தான் எத்தனை மணிக்கு எழுவது, என்ன உண்பது, எந்த நல்லூர்த் திருவிழாவுக்கு எவரோடு செல்வது, எந்தத் தொழிலை மேற்கொள்வது, எவரை விவாகம் செய்வது என்பவற்றைத் தானே தீர்மானிப்பவர், அத்தீர்மானத்தை நிறைவேற்றப் பிறர் கையைப் பயன்படுத்தினாலும் சுயாதீனரே. ஊன்றுகோலும் செயற்கைக்காலும் போல மனித உதவியும் ஒரு சாதனமாக, அதனைப் பெறுபவரின் விருப்பத்துக்கு இணங்கி வரும் சாதனமாக, கிடைக்கவேண்டும். ஊதியம் பெற்று, பயிற்சி பெற்று, உதவி பெறுபவர் குறிக்கும் நேரத்தில் வந்து, அவர் சொல்லும் முறையில் உதவும் தனிப்பட்ட உதவியாளர் என்னும் சேவையே நம்மிடம் இல்லாதது.

அது இல்லாத இடத்தை இதுவரை நிரப்பி வந்தவர் யார் என்றால், பெரும்பாலும் தாய். தாய்க்குப் பின் விவாகமாகாத சகோதரி. சில இடங்களில் மனைவி. நம் குடும்ப அமைப்பின் பாசத்தைப் போற்றிப் பேசுவது எளிது; அப்பாசத்தின் பாரம் முழுவதையும் ஒரு பெண்ணின் முதுகெலும்பு தாங்குகின்றது என்பதைச் சொல்வோர் சிலரே. வளர்ந்த மகனை நாளொன்றுக்குப் பல முறை கட்டிலிலிருந்து தூக்கி இறக்கும் அறுபது வயதுத் தாய், இரவிலும் இரண்டு மணிக்கொருமுறை எழுந்து புண் வாராதபடி அவனைப் புரட்டிவிடும் தாய், தன் நோய்க்கு மருந்தெடுக்கக் கிளினிக்குக்குச் செல்லவும் நேரமின்றித் தளர்கின்றாள். அந்த மகனுக்கும் அவள் களைப்பு தெரியும். தெரிவதனாலேயே தாகத்தை அடக்கி, வெளியே செல்லும் ஆசையை அடக்கி, கேட்கவேண்டிய உதவிகளுட் பாதியைக் கேளாமல் விட்டுவிடுகின்றான். யாழ்ப்பாணத்துக் குடும்பமோ முன்னிருந்தது போல் இன்றில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பரிசிலும் பரந்திருக்க, பெரிய வீட்டில் முதிய பெற்றோரும் உதவி வேண்டும் ஒரு பிள்ளையும் மட்டும் எஞ்சியிருக்கும் காட்சி எங்கள் ஊர்களிற் சர்வசாதாரணம். “எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை ஆர் பாப்பினம்?” என்ற கேள்வியை அத்தகைய பெற்றோர் வாயிலிருந்து கேளாத சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார் என்று நான் நம்பவில்லை.

அக்கேள்விக்கு நாம் இதுவரை அளித்துவந்த விடை இல்லம் என்பதாகும். செவிப்புலன், விழிப்புலன் குன்றிய பிள்ளைகளுக்காகக் கைதடியிற் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இயங்கும் நவீல்ட் பாடசாலையும், விழிப்புலனற்றோரைத் தாங்கி வளர்க்கும் சுன்னாகத்து வாழ்வகமும், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கெனக் கோண்டாவிலில் 2004இல் தோன்றிய சிவபூமிப் பாடசாலையும், அரசு கைவிட்ட வெற்றிடத்தில் அன்பினால் எழுந்த தருமங்கள். அவற்றில் வளர்ந்தோர் பல்கலைக்கழகம் வரை சென்று பட்டம் பெற்றதும் நமக்குப் பெருமையே. ஆயினும் பாடசாலை வாழ்வுக்கு ஒரு முடிவு உண்டு. விடுதியின் வாயிலைக் கடந்து தன் ஊருக்கு மீளும் இளைஞனை ஏற்க அவ்வூரில் என்ன காத்திருக்கின்றது? கட்டில் உண்டு, சோறு உண்டு; அவன் கற்ற கல்விக்கேற்ற வேலைக்கு அவனை அழைத்துச் செல்லும் வழி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஓடும் 750ஆம் இலக்கப் பேருந்தின் உயர்ந்த படியிற் சக்கரநாற்காலி ஏறாது. நடத்துநர் இறங்கி அவரை ஆளாகவும் நாற்காலியைச் சுமையாகவும் தூக்கி ஏற்றினாலன்றிப் பயணம் நிகழாது. நெடுந்தீவு, நயினாதீவு வாசிகளின் நிலையோ சொல்லுந்தரமன்று: குறிகட்டுவான் இறங்குதுறையில் அலைக்கு அசையும் படகுக்கும் அணைகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை, பிறர் கைகளில் தொங்கியபடியே அவர்கள் கடக்கவேண்டியிருக்கின்றது.

உலகில் இது வேறுவிதமாக நிகழ்ந்திருக்கின்றது. இளம்பிள்ளைவாதத்தாற் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ் என்பவர் 1962இற் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபோது, அவருடைய சுவாச இயந்திரத்துக்கு இடமளிக்கும் விடுதி இன்மையாற் பல்கலைக்கழக வைத்தியசாலையிலேயே வசித்துக் கற்றார். அவரும் அவரைப் போன்ற தோழர்களும் முன்னின்று உழைத்ததன் பயனாக 1972இல் பேர்க்லி நகரில் எழுந்த சுயாதீன வாழ்வு நிலையத்தை மாற்றுத்திறனாளிகளே நடத்தினர். சுவீடனில் 1994இல் நடைமுறைக்கு வந்த சட்டமோ, உதவி எத்தனை மணித்தியாலம் தேவை என்று மதிப்பிட்டு, அதற்குரிய பணத்தை அம்மனிதரிடமே ஒப்படைத்து, தம் உதவியாளரைத் தாமே தெரிந்து நியமிக்கும் அதிகாரத்தையும் அவருக்கே அளித்தது. செல்வந்த நாடுகளின் கதை நமக்கு எதற்கு என்பார்க்குத் தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியைச் சுட்டுவேன். கடற்படை அதிகாரித் தேர்வின்போது வீழ்ந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் என்பவர், 1981இல் ஒரு கிராமத்திலே தொடங்கிய அமர் சேவா சங்கம், வண்டி வசதியற்ற ஊர்களிலுள்ள குழந்தைகளின் வீடுகளுக்கே பணியாளரை அனுப்பும் பெருநிறுவனமாக இன்று வளர்ந்திருக்கின்றது. அப்பணியாளர் பலர் அவ்வூர்ப் பெண்களே.

நமது மாவட்டத்தில் இதனைத் தொடங்குவதற்கு முதலில் வேண்டுவது வேறுவகையான ஒரு கணக்கெடுப்பு. கிராம அலுவலரின் ஏட்டில் இன்னாருக்குக் கால் இல்லை, இன்னாருக்குப் பார்வை இல்லை என்றிருக்கின்றது; அவர்க்கு நாளொன்றுக்கு எத்தனை மணித்தியால உதவி தேவை, அதனை இப்பொழுது தருபவர் யார், அவருடைய வயது என்ன என்பது அதில் இல்லை. இக்கேள்விகளைக் கேட்டவுடனேயே, எந்த வீட்டில் எழுபது வயதுத் தாய் தனித்துத் தாங்குகின்றாள் என்பதும், எவ்வீட்டுக்கு உதவி நாளைக்கே செல்லவேண்டும் என்பதும் வெளிப்பட்டுவிடும். ஒரு பிரதேச செயலகப் பிரிவை எடுத்துக்கொண்டு அங்கே உதவியாளர்களைத் தெரிந்து பயிற்றலாம்: புண் வாராது புரட்டும் முறை, சிறுநீர்க்குழாயைத் தூய்மையாகக் கையாளும் முறை, தன் இடுப்பு நோகாது பிறரைத் தூக்கும் முறை, சைகைமொழியின் ஆரம்பப் பாடங்கள் ஆகியவற்றோடு, எல்லாவற்றினும் முக்கியமாக, கேட்டதைச் செய்து கேளாததை விடுக்கும் பண்பு. பெண்களுக்குப் பெண்களே உதவியாளராக அமைதல் கண்டிப்பான விதியாக இருக்கவேண்டும். தன் உடலைத் தொடுபவர் யார் என்று தீர்மானிக்கும் உரிமை பறிபோன பெண்களுக்கு நேரும் அவலங்களைப் பற்றி நம் ஊர்கள் வாய்திறப்பதில்லை. சக்கரநாற்காலிகளைப் பழுதுபார்க்கச் சைக்கிள் திருத்துநர் ஒருவருக்கு ஒவ்வொரு பிரிவிலும் பயிற்சியும் உதிரிப்பாகமும் கொடுத்தால், அதனால் விளையும் பயன் புதிய நாற்காலிகள் பலவற்றின் பயனை விஞ்சும்.

பணத்துக்கு எங்கே போவது என்ற ஆட்சேபம் எழும். அதற்கு முகங்கொடுத்தே ஆகவேண்டும். வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்த 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் வகைசெய்தது, இது வரவேற்கத்தக்கதே. எனினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 333 ரூபா என்பது காரைநகரிலிருந்து யாழ். நகருக்கு ஓட்டோவிற் சென்று மீளவும் போதாத தொகை. அதிலிருந்து ஊதியம் கொடுத்து உதவியாளரை அமர்த்த எவராலும் இயலாது. ஆகையால் உதவியாளர் ஊதியம் இக்கொடுப்பனவுக்குப் புறம்பாக, மாகாண வரவுசெலவில் ஒரு தனிக் கூறாக இடம்பெற வேண்டும். அச்செலவு வீணாகக் கரைந்துபோவதன்று. வேலை தேடி மத்தியகிழக்குக்குப் பறக்கும் நம் இளம் பெண்கள் சிலருக்குச் சொந்த ஊரிலேயே கண்ணியமான தொழிலும், கட்டிலில் முடங்கிய பட்டதாரிக்கு உத்தியோகமும், இருபது ஆண்டுகள் வீட்டுக்குள் கட்டுண்ட தாய்க்கு ஓய்வும் ஒரே செலவிலிருந்து கிடைக்கின்றன. கோயில்களும், பழைய மாணவர் சங்கங்களும், கடல்கடந்து வாழும் உறவினரும் இப்பொழுது நாற்காலிகளுக்கும் வைபவங்களுக்கும் உவந்தளிக்கும் நிதியின் ஒரு பகுதியை இதற்குத் திருப்பலாம். ஆனால் கடமை அரசுக்கே உரியது. தருமம் செய்பவரின் மனம் மாறினால் ஒருவர் காலையில் எழமுடியாது போகும் நிலை உரிமையோடு கூடிய வாழ்வாகாது.

குடும்பப் பாசம் இதனாற் குன்றிவிடும் என்று அஞ்சுவோரும் உளர். தூக்கி இறக்கும் வேலையிலிருந்து விடுபட்ட தாய் மகனோடு அமர்ந்து உரையாட நேரம் பெறுகின்றாள் என்பதே பிற நாட்டவர் அனுபவம்.

இத்திட்டத்தை வகுக்கும் மேசையைச் சுற்றி அமர்பவர் யார் என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கின்றது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் தாமே கூடி மாங்குளத்தில் அமைத்த உயிரிழை என்னும் அமைப்பு, படுக்கைப்புண் பராமரிப்பு முதற் சுயதொழில் வரை தம் தேவை இன்னதென்று எவரினும் தெளிவாகச் சொல்ல வல்லது. தமிழ்நாட்டுச் சட்டசபை 2025 ஏப்ரலில், உள்ளூராட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வகைசெய்யும் சட்டமூலங்களை நிறைவேற்றியிருக்கின்றது. யாழ். மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி மன்றங்களுக்கும் அதுபோன்ற சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. மாகாண சமூக சேவைத் திணைக்களம் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்து, அதன் உறுப்பினரிற் பாதிக்கு மேற்பட்டோர், பெண்களும் தீவுவாசிகளும் உட்பட, உதவியை நாள்தோறும் பெற்று வாழ்பவராக இருக்கவேண்டும் என்று விதிக்க இன்றே இயலும். அக்குழு கீழ்த்தளத்து அறையொன்றிற் கூடட்டும். சைகைமொழி பெயர்ப்பாளர் முதற் கூட்டத்திலிருந்தே இருக்கட்டும். உறுப்பினரின் போக்குவரத்தையும் உதவியாளர் செலவையும் திணைக்களமே ஏற்கட்டும். அது எடுக்கும் முதலாவது தீர்மானம், உதவி மணித்தியாலங்களின் கணக்கெடுப்பை எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் எந்த மாதத்திலே தொடங்குவது என்பதாக இருக்கட்டும். நெடுந்தீவிலே தொடங்குவதாயின் நான் பெரிதும் மகிழ்வேன், ஏனெனில் அங்கே நிறைவேறும் ஏற்பாடு குடாநாட்டின் வேறெந்த ஊரிலும் நிறைவேறும்.